பள்ளிக்கூடத்து வழி பிறந்த கதை

சாவித்திரிபாய் புலே பள்ளிக்குக் கிளம்பும்போது இரண்டு புடவையோடு கிளம்புவார் என்று சொல்வார்கள். உடுத்தியது ஒன்று, பையில் ஒன்று. 1848-ஆம் ஆண்டு புணேயின் புதவார் பேட்டையில், பிடே என்பவரின் வாடாவில், அவரும் கணவர் ஜோதிராவும் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியிருந்தார்கள். (வாடா என்றால் முற்றம் வைத்துக் கட்டிய பழைய மராட்டிய வீடு. பெயரைக் கேட்டதும் உளுந்து ஞாபகம் வந்தால் அது நம் நாக்கின் குற்றம்.) பெண்பிள்ளைகள் படிப்பதா என்று கொதித்தவர்கள் பள்ளிக்குள் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. தெருவில் காத்து நின்றார்கள். சாணி, சேறு, கல். பள்ளியை அடைந்ததும் அவர் பையிலிருந்த புடவையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார். திரும்பும்போது மறுபடி அழுக்குப் புடவை.

பெண்கல்வியின் கதையாகத்தான் இதை எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அதில் இன்னொரு கதையும் தெரிகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. படிப்பைத் தடுக்க நினைப்பவன் பள்ளியை இடிக்க வேண்டியதில்லை, அந்த வழியை மறித்தால் போதும். மறிப்பது கல்லாகவும் இருக்கலாம், காராகவும் இருக்கலாம். முதல் வகைக்கு வெட்கப்படக் கற்றுக்கொண்டோம். இரண்டாவது வகைக்கு 'டிராபிக்' என்று ஒரு சாதுவான பெயர் வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்த்து "பார்த்துப் போடா" என்கிறோம்.

அந்த "பார்த்துப் போடா"வை விட்டுவிட்டு, வழியைச் சரிசெய் என்று முதலில் சொன்னது யார்? அதுதான் இங்கே சொல்ல வந்த கதை. அது பிறந்த ஊர் புணே இல்லை. ஆனால் புணேக்கு அது எப்படித் தேவைப்பட்டது என்று தெரியாமல் அதன் அருமை புரியாது. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் இந்த ஊரிலேயே நடப்போம்.

நடை இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம். தோண்டோ கேசவ் கர்வே பெர்குசன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். விதவைப் பெண்களுக்காக அவர் நடத்திய ஆசிரமம் ஊருக்கு வெளியே ஹிங்கணே கிராமத்துக்கு மாறியபோது, இரண்டுக்கும் இடையே சுமார் நான்கு மைல். கல்லூரிப் பாடம் முடித்து, சேறும் சகதியுமான தடத்தில் நடந்தே ஆசிரமம் போய்ச் சேர்வார். நூற்றுநான்கு வயது வரை இருந்த மனிதர். 1958-இல் பாரத ரத்னா. அந்தத் திசையில் ஓடும் சாலைக்கு இன்று கர்வே சாலை என்றே பெயர். மேம்பாலம் உண்டு; அதற்கும் மேலே 2022 முதல் மெட்ரோ ஓடுகிறது. கீழே, அவர் செய்ததைப் போல நடந்து பாருங்கள். சேறு இல்லை என்பதைத் தவிரப் பெரிய முன்னேற்றம் சொல்ல முடியாது.

நடைக்குப் பிறகு சைக்கிள். இந்தியாவின் சைக்கிள் நகரம் என்று ஒரு காலத்தில் புணேக்குப் பெயர் இருந்தது. பழைய புணேக்காரர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்தாவது நிமிடத்தில் அவருடைய சைக்கிள் வந்து நிற்கும். லட்சுமி சாலையில் ஹுஜூர்பாகா என்று பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று உண்டு, 1884-இல் தொடங்கியது. பாகா என்றால் குதிரை லாயம்; பேஷ்வாக்களின் குதிரைகள் நின்ற இடம். குதிரை போய்ப் பெண்பிள்ளைகள் வந்த அந்த இடத்துக்கு அப்புறம் சைக்கிள்களும் வந்தன. நம்மூரில் பெண்பிள்ளை சைக்கிள் மிதித்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலத்தில், இங்கே அது தினசரிக் காட்சி.

நான் சைக்கிள் பழகியது நம் பக்கத்து முறையில்: மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள், எட்டாத சீட், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல். விழுந்து எழுந்தது எல்லாம் எங்கள் தெருவிலேயேதான். தெருவில் அதற்கு இடம் இருந்தது என்பதை இப்போது நினைத்தால்தான் ஆச்சரியமாக இருக்கிறது. வீரம் என்று ஒன்றும் எங்களிடம் இல்லை. மாட்டுவண்டியும் பால்காரரும் தவிர மோத ஆள் இல்லை, அவ்வளவுதான்.

புணேயில் அந்த இடத்தை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டது லூனா. 1972-இல் இந்த ஊர் கைனடிக் நிறுவனம் கொண்டுவந்த மொபெட். இத்தாலியின் பியாஜியோ வடிவமைப்பில் செய்த 50 சி.சி. வண்டி. பெடலும் இருக்கும், எஞ்சினும் இருக்கும். அதாவது சைக்கிளாக வேடம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த மோட்டார். பக்கத்து ஆகுர்டியில் பஜாஜ் ஆலை. அதே 1972-இல் சேத்தக். ஊரே இருசக்கர வண்டி செய்கிறது, ஊரே ஓட்டாமல் இருக்குமா? 2018-இல் புணேயில் பதிவான வாகனங்கள் 36 லட்சத்தைத் தாண்டின. மக்கள்தொகை அப்போது சுமார் 35 லட்சம். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ஒன்று கொடுத்து, மீதியும் இருந்தது.

இதன் நடுவே பள்ளிக்குப் போகும் பிள்ளை என்ன ஆனது? ரிக்‌ஷாவுக்குள் போனது. புணேப் பிள்ளைகளுக்கு 'ரிக்‌ஷாவாலே காகா' என்றால் பாதி உறவு. காகா என்றால் மராட்டியில் சித்தப்பா. கூரையில் உட்காரும் காகம் இல்லை. நம்மூர் ஆட்டோ அண்ணன் மாதிரி. பைகள் வெளியே தொங்க, பிள்ளைகள் உள்ளே அடுக்கி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்க, காகா எல்லோர் வீட்டுக் கதையும் தெரிந்தவராக ஓட்டிக்கொண்டு போவார். காசு கூடினவர்களுக்குப் பள்ளிப் பேருந்து. அந்தப் பேருந்துகளுக்கென்று 2011-இல் மகாராஷ்டிரம் தனி விதிகளே வகுத்தது. நடந்து வரும் பிள்ளைக்கு விதி எதுவும் வரவில்லை. நடக்கிற பிள்ளைக்கு உரிமம் கிடையாது, பதிவெண் கிடையாது, வரி கிடையாது. அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவதற்கு அதனிடம் ஒரு தாளும் இல்லை.

நான் புணேயில் குடியிருந்த இடத்துக்கு அருகில் ஒரு பள்ளி. காலை ஏழு மணிக்கு அந்த வாசலைப் பார்த்தால் ஒரு வினோதம் புரியும். வாசலை அடைக்கும் வண்டிகள் முக்கால்வாசி பெற்றோருடையவை. "ரோட்டில் இவ்வளவு வண்டி, எப்படி நடந்து அனுப்புவது?" என்று பயந்து, தன் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார் ஒருவர். அந்த வண்டியைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் பயப்படுகிறார். அடுத்த மாதம் அவரும் வண்டி. எல்லோருமே நல்ல பெற்றோர். எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியதுதான் எல்லோரும் பயப்படும் அந்தச் சாலை. ஒருநாள் கேட்டுக்கு முன்னால் ஒரு அம்மா வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது ஒரு சின்னப் பையன் அதன் பின்னால் நின்றிருந்தான். காவல்காரர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தான். அவனுக்கு விழுந்தது ஒரு திட்டு: "கண்ணு தெரியலையா?"

இந்தத் திட்டுதான் விஷயம். கண் தெரியவில்லையா என்று பிள்ளையைக் கேட்பது நியாயமா என்பதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்த ஒருவர் இருந்தார். ஸ்டீனா சாண்டல்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர். போக்குவரத்தில் குழந்தைகள் பற்றிய அவருடைய நூல் 1968-இல் வந்தது. பெரியவர்களுக்கு உள்ள அளவு ஓரப்பார்வை சிறு குழந்தைக்கு வாய்ப்பதில்லை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறியத் தடுமாறும். நிறுத்திய காருக்கு மேல் எட்டிப் பார்க்க உயரம் கிடையாது. பந்து ஓடினால் மனசு முழுக்கப் பந்துதான். சாலை அந்த நொடியில் உலகத்திலேயே இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் வந்து நின்ற முடிவு, அன்றைக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் கசந்திருக்கும். எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் சிறு குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி மாற்ற முடியாது. போக்குவரத்தைத்தான் குழந்தைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

சொன்னது அறிவு. அதைத் தெருவுக்கு இறக்கியது துக்கம்.

1971-இல் நெதர்லாந்தில் சாலையில் இறந்தவர்கள் 3,000-க்கும் மேல். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். (அந்த நாடு முழுதும் சேர்ந்தாலும் நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.) அந்தக் குழந்தைகளில் ஒருத்தி சிமோன், ஆறு வயது, பள்ளிக்கு சைக்கிளில் போனவள். அவளுடைய அப்பா விக் லாங்கன்ஹொஃப், பத்திரிகையாளர். மறுவருடம் தான் வேலை பார்த்த 'டி டைட்' நாளிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: 'குழந்தைக் கொலையை நிறுத்து'. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் பிள்ளைகளோடு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள், சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரசே ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை போட்டது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இன்று ஆம்ஸ்டர்டாமின் சைக்கிள்களைப் படம் பிடித்து வருகிற நம்மவர்கள், அது அந்த ஊர் மண்ணின் இயல்பு என்று நினைக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கியவர்கள் பெற்றோர்கள். வாங்கி ஐம்பது வருடம்தான் ஆகிறது.

ஆனால் 'பள்ளிக்கூடத்து வழி' என்று தனிப் பெயரும் முறையும் பெற்று அந்த எண்ணம் பிறந்த இடம் டென்மார்க். 1970-களில் மேற்கு ஐரோப்பாவிலேயே சாலையில் குழந்தைகள் அதிகம் அடிபடும் நாடு என்ற கெட்ட பெயர் அதற்கு இருந்தது. 1976-இல் அந்த நாட்டுப் போக்குவரத்துச் சட்டம் ஒரு காரியம் செய்தது: பள்ளிக்குப் போய் வரும் பிள்ளைகளை மோட்டார் வண்டிகளிடமிருந்து காப்பது காவல்துறையின், சாலைத்துறையின் கடமை என்று எழுதிவைத்தது. பள்ளிகளோடு கலந்து பேசித்தான் செய்யவேண்டும் என்றும் சேர்த்தது. பொறுப்பு பிள்ளையின் தோளிலிருந்து இறங்கி, சம்பளம் வாங்குகிறவர்களின் மேசைக்குப் போனது.

அதைச் செய்து காட்டிய ஊர் ஓடன்ஸ. அங்கே செய்த காரியம் கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஊரிலிருந்த 45 பள்ளிகளிலும் பிள்ளைகளையே கேட்டார்கள். எந்த வழியாக வருகிறாய்? எங்கே பயமாக இருக்கிறது? வரைபடத்தில் காட்டு. அதுவரை பொறியாளர்களிடம் இருந்தது காவல்நிலையப் பதிவு. எங்கே ஏற்கெனவே ரத்தம் சிந்தியதோ அந்த இடம் மட்டும் அதில் இருக்கும். பிள்ளைகள் காட்டிய இடங்களில் பல அதில் கிடையாது. ஏன் கிடையாது? அந்த இடத்தைப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போனார்கள், அல்லது அந்த வழியாக அனுப்பவேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். யாரும் கடக்காத சாலையில் யாரும் அடிபட மாட்டார்கள். காகிதத்தில் அது பத்திரமான சாலை. பிள்ளைகள் போட்ட புள்ளிகளை வைத்து வேகத்தைக் குறைத்தார்கள், சாலையை ஒடுக்கினார்கள், நடுவில் நின்று மூச்சுவிடத் திட்டு கட்டினார்கள், சைக்கிளுக்குத் தனித் தடம் போட்டார்கள்.

ஓடன்ஸ என்ற பெயர் எங்கோ கேட்டதுபோல் இருந்தால், அது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஊர். ராஜா உடம்பில் துணி இல்லை என்று ஊரே பேசாமல் நின்றபோது ஒரு குழந்தை மட்டும் சொல்லிவிட்ட கதை அவர் எழுதியது. அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் குழந்தையைக் கேட்கத் தோன்றியிருக்கிறது. தற்செயல் என்று புத்தி சொல்கிறது. இருந்தாலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

அப்புறம் இந்த எண்ணம் பல ஊருக்கு நடந்து போனது. ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் 1990-களின் தொடக்கத்தில் 'நடக்கும் பேருந்து' என்று ஒன்றைச் சொன்னார். டிரைவர் இடத்தில் முன்னால் ஒரு பெரியவர், நடத்துநர் இடத்தில் பின்னால் ஒருவர், நடுவில் வரிசையாகப் பிள்ளைகள், குறித்த நேரத்துக்குக் குறித்த முனையில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டியது. டீசல் இல்லை, டிக்கெட் இல்லை. அமெரிக்காவுக்குப் 'பள்ளிக்கூடத்து வழி' 1997-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி வழியாக வந்தது. 2005-இல் மத்திய அரசே பணம் ஒதுக்கியது. ஒதுக்கும் நிலைமைக்கு ஏன் வந்தார்கள் என்றால், 1969-இல் அங்கே நூற்றுக்கு 48 பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-இல் 13 பேர்.

இந்தியாவுக்கு இது வேறு வாசல் வழியாக வந்தது. இங்கே முதல் கேள்வி பாதுகாப்பு இல்லை, தூரம். பள்ளி ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் பெண்பிள்ளையின் படிப்பு எட்டாவதோடு நின்றுவிடும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்ததும், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றதும், லட்சம் பெண்கள் சைக்கிள் மிதித்ததும் நமக்குத் தெரிந்த கதை. 2001-02-இல் தமிழ்நாட்டு அரசு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. 2006-இல் பீகார். பீகாரில் என்ன நடந்தது என்பதைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் கணக்கெடுத்தார்கள்: உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. அரசாங்கத்தின் இலவசங்களைக் கேலி பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை சத்தமாகப் படிக்கலாம்.

ஆனால் சைக்கிளைக் கொடுத்தோமே தவிர அது ஓடும் தடத்தைக் கொடுக்கவில்லை. கிராமத்துச் சாலையில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. புணே போன்ற ஊரில் தெரிந்தது.

புணே சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இந்த ஊரில் 'பரிசர்' என்ற அமைப்பு 1980-களிலிருந்து நடப்பவர்களுக்காகவும் பேருந்துக்காகவும் வாதாடிக்கொண்டிருக்கிறது. 2006 டிசம்பரில் ஸ்வார்கேட்டிலிருந்து காத்ரஜ் வரை பேருந்துக்கெனத் தனித்தடம் வந்தது. நாட்டிலேயே முதல் முயற்சி. அதன் ஓரத்தில் சைக்கிள் பாதையும் போட்டார்கள். அந்தப் பாதையைப் பயன்படுத்தியவை பெரும்பாலும் நிறுத்திய பைக்குகளும் கடைப் பலகைகளும். 2016-இல் மாநகராட்சி நடப்பவர்களுக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. ஜங்லி மகாராஜ் சாலையில் நடைபாதையை அகலமாக்கி, நடுவே குழந்தைகள் ஏறி விளையாடச் சில அமைப்புகள்கூட வைத்தார்கள். முதன்முறை பார்த்தபோது, நடைபாதையில் ஒரு குழந்தை தொங்கி விளையாடுவதை நான் நம்பவில்லை.

2017 டிசம்பரில் வந்தது பெரிய திட்டம்: புணே சைக்கிள் திட்டம். 824 கிலோமீட்டர் சைக்கிள் தடம். தயாரித்த குழுவில் பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்களோடு சுற்றுச்சூழல் கல்வி மையமும் இருந்தது. ஆலோசனையில் கல்விக்காரர்களும் உட்கார்ந்தது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. ஓடன்ஸ வாசனை அடித்தது. அந்தச் சமயத்தில் ஊருக்குள் மஞ்சளும் வேறு நிறமுமாக வாடகை சைக்கிள்கள் வந்து குவிந்தன. செல்போனில் பூட்டைத் திறக்க வேண்டும். நம் பழைய மணிக்கணக்கு வாடகைதான், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் ஸ்மார்ட்போன் இருந்தால்தான் உண்டு. சீன நிறுவனமான ஓஃபோ 2018-இலேயே இந்தியாவைவிட்டுப் போனது. மற்றவையும் ஒவ்வொன்றாக மறைந்தன. 824 கிலோமீட்டர் பெரும்பாலும் வரைபடத்திலேயே நிற்கிறது. போட்ட தடத்தில் சில, மின்கம்பத்தில் போய் முட்டுகின்றன. முட்டிய பிறகு சைக்கிள்காரப் பிள்ளை எங்கே போகவேண்டும் என்பதற்கு அம்புக்குறி இல்லை.

2021 டிசம்பர் 11-ஆம் தேதி லட்சுமி சாலையை ஒருநாள் நடப்பவர்களுக்கு மட்டும் விட்டார்கள். 'பாதசாரி தின்' என்று பெயர். மராட்டியிலும் பாதசாரி பாதசாரிதான். ஹுஜூர்பாகா பள்ளி இருக்கும் சாலை. பட்டுப் புடவைக் கடைகளுக்கு முன்னால், சாலையின் நடுவில், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். மறுநாள் வண்டிகள் திரும்பின.

ஒரு விஷயத்தில் எனக்கு ஐயமே இல்லை: வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளியது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் இடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். 45-ஐத் தாண்டினால் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. மணிக்கு 50-இல் போகும் வண்டி, ஓட்டுநர் "ஐயோ" என்று நினைக்கும் ஒரு நொடிக்குள் 14 மீட்டர் ஓடிவிடும். 30-இல் 8 மீட்டர். அந்த ஆறு மீட்டரில்தான் பந்தின் பின்னால் ஓடும் பிள்ளை நிற்கிறது. பள்ளி வாசலில் 'மெதுவாகச் செல்' என்று பலகை வைப்பது வேண்டுகோள். கடக்கும் இடத்தை நடைபாதையின் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது, வண்டியின் அடிப்பாகத்துக்குப் புரியும் மொழி. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

விதிகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்கிறது. ஓர் அம்மா இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போதும். உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. முதல் வகுப்புப் பிள்ளையின் கால் ஏறும் உயரம். விளக்கில்லாத வரிக்கோட்டில் நடப்பவருக்கு வண்டி வழிவிட வேண்டும் என்கிறது 2017-இன் ஓட்டுநர் ஒழுங்குமுறை. எத்தனை ஓட்டுநர் உரிமத் தேர்வில் இதைக் கேட்கிறார்கள்?

2022-இல் நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 2024 மே மாதம் புணே கல்யாணி நகரில் அதிகாலை ஒரு சொகுசுக் கார் பைக்கில் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்டவனுக்கு வயது 17. முதலில் கிடைத்த ஜாமீனின் நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை. ஊர் கொந்தளித்தது, உத்தரவு மாறியது. இந்தக் கட்டுரையை எழுதும்போது எனக்கு அந்த 300 அடிக்கடி ஞாபகம் வந்து தொந்தரவு செய்கிறது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அதில் நம் கோயம்புத்தூருக்குப் பங்கு இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், உடைந்த எலும்பை ஒட்டி ஒட்டிச் சலித்தவர்போல, 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு வந்ததும் அந்த வழக்கில்தான். அதே வழக்கில் 2025 மே மாதம் நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொன்னது. 1976-இல் டென்மார்க் சட்டத்தில் எழுதியதற்குப் பக்கத்தில், அரை நூற்றாண்டு தள்ளி, நாமும் ஒரு வரி எழுதியிருக்கிறோம்.

அந்த வரியைத் தெருவுக்கு இறக்க, புணேக்காரர்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. 2006-இலிருந்து இந்த மாநகராட்சி, வரவுசெலவுத் திட்டத்துக்குக் குடிமக்களிடமே வேலைகள் கேட்டு வாங்குகிறது. எங்கள் தெருவுக்கு நடைபாதை வேண்டும், இந்த முனையில் விளக்கு வேண்டும் என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். பெரியவர்கள் நிரப்பும் படிவம் அது. அதை நிரப்புவதற்கு முன், ஒரு காலையில் வண்டிச் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு, பிள்ளையோடு அதன் நடைவேகத்தில் பள்ளிவரை போய்ப் பார்க்க வேண்டும். எங்கே அது நம் கையைக் கெட்டியாகப் பிடிக்கிறதோ அந்த இடங்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஓடன்ஸ செய்தது இதற்கு மேல் இல்லை. சென்னைக்கும் மதுரைக்கும் இது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

சாவித்திரிபாயின் பள்ளி தொடங்கிய பிடே வாடாவை 2023 டிசம்பரில் இடித்துவிட்டார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு, அந்த இடத்தில் முதல் பெண்கள் பள்ளிக்குத் தேசிய நினைவகம் கட்டுவதற்காக. எதிரே தகடூசேட் கணபதி கோயில். எந்நேரமும் கூட்டமும் வண்டியுமாக இருக்கும் சாலை. நினைவகத்துக்கு வரைபடம் போடுகிறவர்களிடம் ஒரே விண்ணப்பம். கட்டடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சுற்றியுள்ள பேட்டைகளின் பள்ளிகளிலிருந்து ஓர் எட்டு வயதுப் பெண்பிள்ளை யார் கையையும் பிடிக்காமல் அந்த வாசலுக்கு நடந்து வருகிற வழியையும் அதே தாளில் வரையுங்கள்.